அண்ணா சாலைக்கு மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று

தேனாம்பேட்டை சிக்னலில் மாலை நெரிசலில் பைக்கை நிறுத்திக் காத்திருப்பவர் ஒரு காற்றைச் சுவாசிக்கிறார். அவருக்கு நேர் கீழே, சுரங்கத்தில் ஓடும் மெட்ரோவில் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பவர் வேறொரு காற்றைச் சுவாசிக்கிறார். எது சுத்தம் என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில்: "இதென்ன கேள்வி, கீழேதான். புகை கிடையாது, ஏ.சி. வேற." இணையத்தில் தேடிப் படித்தவர்கள் நேர் எதிராகச் சொல்வார்கள்: "லண்டன் சுரங்க ரயில்லயே சாலையைவிடப் பல மடங்கு மாசாம். அப்போ இங்கே?"

இரண்டு பேரும் பாதி சரி. கீழே வண்டிப் புகை இல்லை என்பது உண்மை. கீழே வேறொரு தூசு உண்டு என்பதும் உண்மை. அந்தத் தூசு எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, அதில் எவ்வளவு நம் நுரையீரலுக்குள் போகிறது என்று தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. செய்திகளில் அதிகம் காணாமல் போவதும் அதுதான்.

காற்றில் இருப்பதும் நமக்குள் போவதும்

காற்று மாசு பற்றிய செய்தி என்றால் அதில் ஓர் எண் இருக்கும். ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசு என்பதைச் சொல்லும் எண் அது. இதைச் செறிவு என்கிறோம். மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம் போன்ற இடங்களில் உள்ள கண்காணிப்பு நிலையங்கள் இதைத்தான் நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் செறிவு அந்த இடத்தைப் பற்றிய தகவல், உங்களைப் பற்றியது அல்ல. ஒரு மனிதர் மாசுக்கு எவ்வளவு ஆட்படுகிறார் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. அங்கே செறிவு எவ்வளவு, அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறார், அந்த நேரத்தில் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறார். மூன்றையும் பெருக்கினால் உள்ளே போன தூசின் அளவு வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். வேகமாக நடந்தால் 20 லிட்டரைத் தாண்டலாம். எஸ்கலேட்டர் வேலை செய்யாத நாளில் சென்ட்ரல் நிலையத்தின் அடித்தளத்திலிருந்து படியேறி வருபவர் இன்னும் கூடுதலாக இழுப்பார். ஒரே நிலையம், ஒரே காற்று. ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கும் படியேறுபவருக்கும் உள்ளே போகும் அளவு ஒன்றல்ல.

தூசின் அளவையும் சொல்லிவிடுகிறேன். பி.எம். 10 என்றால் 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள துகள்கள். பி.எம். 2.5 என்றால் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும். பெரிய துகள்களில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சின்னவை நுரையீரலின் கடைசி அறைகள் வரை போகும். அதனால்தான் எல்லாரும் 2.5ஐப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். நம் நாட்டில் 2009ல் வகுத்த தரப்படி, பி.எம். 2.5ன் 24 மணி நேர சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன வரம்பு அதில் நான்கில் ஒன்று, வெறும் 15. இரண்டும் வெளிக்காற்றுக்கான, ஒரு முழு நாளுக்கான அளவுகோல்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புகையே இல்லாத இடத்தில் தூசு எப்படி?

மெட்ரோ மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சினும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. பிறகு தூசு எங்கிருந்து?

இரும்பிலிருந்து. சாணை பிடிப்பவர் கத்தியைச் சக்கரத்தில் வைக்கும்போது பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது நடப்பதும் அந்த வகைத் தேய்மானம்தான். நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. பல டன் எடை, விரல் நகம் அளவே உள்ள ஒரு தொடுபரப்பின் வழியாகத் தண்டவாளத்தில் இறங்குகிறது. நேர்ப்பாதையில் தேய்மானம் குறைவு. வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டில் உரசும். சில வளைவுகளில் ரயில் 'கிறீச்' என்று கத்துவது காதில் விழுமே, அங்கே தேய்மானமும் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பிரேக். பிரேக் கட்டை அழுத்தி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கட்டையும் தேயும், அது அழுத்தும் உலோகமும் தேயும். இங்கே சென்னைக்கு ஒரு சாதகம். நம் மெட்ரோ ரயில்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்கிறது. மோட்டார் அந்த நேரத்தில் ஜெனரேட்டராக மாறி, ரயிலின் வேகத்தை மின்சாரமாக்கித் திருப்பி அனுப்பும். கட்டை பிரேக்குக்குப் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வேலை. மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு இது. தூசு குறைவது கூடவே கிடைத்த லாபம்.

மூன்றாவது, மின்சாரம் எடுக்கும் இடம். கொல்கத்தா மெட்ரோவில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மின்தண்டவாளம் ஓடும், ரயிலின் அடியில் உள்ள ஓர் உலோகப் பட்டை அதை உரசியபடி மின்சாரம் எடுக்கும். சென்னையில் 25,000 வோல்ட் மின்சாரம் தலைக்கு மேலிருந்து வருகிறது. ரயில் கூரையில் உள்ள கரிப்பட்டை அதை உரசிக்கொண்டே போகும். இதில் கரித்துகளும் செம்புத்துகளும் உதிரும், ஆனால் சக்கரமும் பிரேக்கும் உதிர்ப்பதற்கு முன்னால் இது கொஞ்சம்தான்.

மீதி நாம் கொண்டுபோவது. செருப்பில் ஒட்டிய மண், துணி நூல், முடி, உதிர்ந்த தோல். லண்டனில் இரவு நேரத்தில் சுரங்கத்தில் இறங்கித் தண்டவாளத்தில் சேர்ந்த முடியையும் பஞ்சையும் கையால் கூட்டி அள்ளுவதற்கென்றே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கானோர் வந்துபோனால் அதுவும் சேரத்தானே செய்யும்.

சாலையிலும் இவையெல்லாம் உண்டு. டயர் தேய்கிறது, பிரேக் தேய்கிறது. ஆனால் அங்கே காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சென்னையில் பகல் ஏற ஏற கடற்காற்று உள்ளே வந்து ஊரைக் கொஞ்சம் அலசிவிடும். சுரங்கத்துக்குக் கடற்காற்று கிடையாது. உதிர்ந்த துகள் சுவரிலும் தரையிலும் படியும், அடுத்த ரயில் வரும்போது கிளம்பும், மறுபடி படியும். சுரங்கத்தின் குறுக்களவில் பெரும்பகுதியை ரயிலே அடைத்துக்கொள்வதால், அது போகிற வேகத்துக்கு முன்னால் உள்ள காற்றைத் தள்ளுகிறது, பின்னால் உள்ள காற்றை இழுக்கிறது. பொறியாளர்கள் இதைப் பிஸ்டன் விளைவு என்பார்கள். கதவில்லாத பிளாட்பாரங்களில் ரயில் வருவதற்கு முன்பே முகத்தில் அடிக்கும் வெதுவெதுப்பான காற்று இதுதான். அது பழைய தூசையும் சேர்த்துக் கொண்டுவரும்.

உலகம் அளந்து பார்த்தது

ஸ்டாக்ஹோமில் மரியாடோரியெட் என்ற சுரங்க நிலையத்தில் எடுத்த அளவுகள் 2003ல் வெளியாயின. வார நாட்களில் பகல் நேரப் பிளாட்பாரத்தில் பி.எம். 10 சராசரி 470, பி.எம். 2.5 சராசரி 260. நகரத்தின் மிக நெரிசலான சாலைகளில் ஒன்றைவிட முறையே 5 மடங்கும் 10 மடங்கும் அதிகம். ஸ்டாக்ஹோம் சாலைகள் சுத்தமானவை என்பதால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்று சொல்லலாம். ஆனால் 260 என்பது சென்னைக்குமே பெரிய எண்தான்.

லண்டன் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. உலகின் முதல் சுரங்க ரயில் பாதை அங்கே 1863ல் திறந்தது, அதுவும் நீராவி எஞ்சினோடு. அன்றைய பயணிகள் எதைச் சுவாசித்திருப்பார்கள் என்று நினைத்தாலே இருமல் வருகிறது. சரி, இன்றைய கதைக்கு வருவோம். 2020ல் வெளியான ஆய்வு ஒன்றில் லண்டன் சுரங்க ரயிலின் பி.எம். 2.5 சராசரி 88 என்று வந்தது. மத்திய லண்டனின் சாலையோரத்தில் அது 22. நான்கு மடங்கு. செய்தித் தலைப்புகள் இத்தோடு நின்றுவிட்டன.

அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. அளவுகளை எல்லாம் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் வருவது 88 அல்ல, 28. சராசரி இவ்வளவு மேலே போனதற்குக் காரணம் சில பாதைகள் மிக மோசமாக இருந்ததுதான். பயணிகள் போகும் தூரம் முழுக்கச் சுரங்கத்திலேயே செல்லும் விக்டோரியா பாதையில் இந்த நடு அளவு 350ஐத் தாண்டியது. பெரும்பகுதி தரைக்கு மேலும், அதிக ஆழமில்லாத பள்ளத்திலும் ஓடும் டிஸ்ட்ரிக்ட் பாதையில் அது 4. ஒரே ஊர், ஒரே நிர்வாகம், ஒரே டிக்கெட். ஆகவே "சுரங்க ரயிலில் மாசு இவ்வளவு" என்று பொதுவாகச் சொல்லும் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. எந்தப் பாதை, எவ்வளவு ஆழம், காற்றோட்டம் எப்படி, ரயிலுக்கு ஜன்னல் திறக்குமா என்று கேட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. விக்டோரியா போன்ற ஆழப் பாதைகளில் ரயிலுக்கு ஏ.சி. கிடையாது, சுரங்கக் காற்று நேராகப் பெட்டிக்குள் வரும்.

சென்னை எந்தப் பக்கம்?

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29ல் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே மேம்பாலத்தில் தொடங்கியது. சுரங்கத்தில் முதல் பயணம் 2017 மே மாதம், திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை. முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டரில் சுமார் 24 கிலோமீட்டர் தரைக்கு அடியில். விமான நிலையத்திலிருந்து வருபவர் சின்னமலை வரை வெயிலைப் பார்த்துக்கொண்டே வருவார்; சைதாப்பேட்டைக்கு முன்னால் ரயில் கீழே இறங்கும். அதன் பிறகு அண்ணா சாலைக்கு அடியிலேயே நந்தனம், தேனாம்பேட்டை, டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. என்று போய் சென்ட்ரலைத் தொடும். பச்சை வழித்தடத்தில் திருமங்கலத்திலிருந்து சென்ட்ரல் வரை முழுக்கச் சுரங்கம்.

இந்தச் சுரங்க நிலையங்களில் பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உயரமான கண்ணாடிச் சுவர் இருக்கிறது. ரயில் வந்து நின்ற பிறகுதான் அதிலுள்ள கதவுகள் திறக்கும். யாரும் தண்டவாளத்தில் விழக்கூடாது, நிலையத்தின் ஏ.சி. குளிர்ச்சி சுரங்கத்துக்குள் வீணாகக் கூடாது என்பவைதான் அதன் முதல் நோக்கங்கள். ஆனால் தூசு விஷயத்திலும் அது பெரிய உதவி. ரயில் தள்ளிக்கொண்டு வரும் காற்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. சென்னை நிலையங்களில் ரயில் வரும்போது முகத்தில் காற்று அடிப்பதில்லை, கதவிடுக்கில் ஊளை மட்டும்தான் கேட்கும். பார்சிலோனாவிலும், பழைய திறந்த பிளாட்பாரங்களைவிடக் கண்ணாடிக் கதவு வைத்த புது நிலையங்களில் தூசு வெகுவாகக் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இங்கேதான் ஒரு சிக்கல். பிளாட்பாரத்துக்கு வராத தூசு மாயமாகிவிடவில்லை. அது சுரங்கத்தில்தான் இருக்கிறது. ரயில் ஓடுவதும் அங்கேதான், ரயிலின் ஏ.சி. வெளிக்காற்று எடுப்பதும் அங்கிருந்துதான். சியோலில் எல்லா நிலையங்களிலும் கண்ணாடிக் கதவு வைத்த பிறகு ஆராய்ந்தார்கள். பிளாட்பாரத்தில் தூசு குறைந்திருந்தது. ரயில் பெட்டிக்குள் கூடியிருந்தது. பயணி பிளாட்பாரத்தில் நிற்பது சில நிமிடம், பெட்டிக்குள் இருப்பது அதைவிடப் பல மடங்கு நேரம். செறிவு, நேரம், மூச்சு என்ற கணக்கைப் போட்டால் பிளாட்பாரத்தின் லாபத்தில் ஒரு பகுதி பெட்டிக்குள் கரைந்துபோகும்.

இதற்காகக் கதவே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சுரங்கத்துக்குத் தனியாகக் காற்றோட்டம் வேண்டும், தனியாகச் சுத்தம் வேண்டும் என்பதுதான் பாடம். நிலையங்களுக்குப் பக்கத்தில், சாலையோரத்தில், பக்கவாட்டில் தகடு தகடாக அடைத்த பெரிய சாம்பல் நிறக் கட்டடங்களைப் பார்த்திருக்கலாம். பலரும் அதை ஏதோ டிரான்ஸ்பார்மர் அறை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். சுரங்கமும் நிலையமும் மூச்சுவிடும் வழி அதுதான். ராட்சத மின்விசிறிகள் அதன் வழியாகக் காற்றை இழுக்கும், வெளியேற்றும். தீ விபத்து நேர்ந்தால் புகையை வெளியே தள்ளுவதும் அவற்றின் வேலை.

வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது என்றால், வெளியே இருப்பதும் உள்ளே வரும். வடிகட்டி பெரிய தூசைப் பிடிக்கும். புகையின் நுண்துகளைப் பிடிப்பது வடிகட்டியின் தரத்தையும் அதை மாற்றும் இடைவெளியையும் பொறுத்தது. 2018 போகியன்று பழைய பாயும் டயரும் எரித்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. அப்படிப்பட்ட ஒரு காலையில் சுரங்க நிலையத்துக்கு மட்டும் தனி வானம் கிடையாது. தீபாவளி இரவுக்கும் இதே கதை.

இரும்புத் தூசு சாலைத் தூசைவிட மோசமா?

நேர்மையான பதில், ஆய்வுகள் இரு பக்கமும் இழுக்கின்றன.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2005ல் ஒரு சோதனை செய்தார்கள். சுரங்க ரயில் தூசையும் சாலைத் தூசையும் தனித்தனியாக நுரையீரல் செல்களில் போட்டுப் பார்த்தார்கள். சுரங்கத் தூசு செல்லின் மரபணுவுக்கு 8 மடங்கு அதிக சேதம் செய்தது. கேட்கவே பகீர் என்றிருக்கும். ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல். மனித உடம்பில் மூக்கு இருக்கிறது, சளி இருக்கிறது, தூசை வெளியேற்றும் ஏற்பாடுகள் இருக்கின்றன.

சரி, மனிதர்களைப் பார்ப்போம். அந்தத் தூசில் மிக அதிக நேரம் இருப்பவர்கள் யார்? ஓட்டுநர்கள். அதே ஸ்டாக்ஹோமில் சுரங்க ரயில் ஓட்டுநர்களின் உடல்நிலையை ஆராய்ந்தபோது, மாரடைப்போ நுரையீரல் புற்றுநோயோ அவர்களிடம் கூடுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. இதனாலேயே தூசு நல்லது என்று ஆகிவிடாது. வேலை செய்யும் வயதில் ஆரோக்கியமாக இருப்பவர்களைத்தான் ஓட்டுநராக எடுப்பார்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் எழுபது வயது இதய நோயாளிக்கும் அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. பிரிட்டிஷ் அரசுக்குக் காற்று மாசு பற்றி ஆலோசனை சொல்லும் மருத்துவக் குழு 2019ல் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்த முடிவு: ஓரளவு ஆபத்து இருக்கவே வாய்ப்பு, ஆனால் எவ்வளவு என்று எண்ணில் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. எனக்கு இது நழுவலாகப் படவில்லை. தெரிந்த அளவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு கோணம் 2022ல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. லண்டன் சுரங்கத் தூசைக் காந்தத்தன்மையை வைத்து ஆராய்ந்தார்கள். இரும்பு ஆக்சைடு துகள்களில் 5 நானோமீட்டர் அளவே உள்ள படிகங்கள் இருந்தன. வடிகட்டித் தாளை எடைபோட்டு அளக்கும் முறையில் இவ்வளவு சிறியவை கணக்கிலேயே பெரிதாக வராது, எடை அவ்வளவு குறைவு. எண்ணிக்கையிலோ ஏராளம். தூசு காந்தத்தில் ஒட்டும் தன்மை உள்ளது என்பதால் அதைக் காந்தத்தாலேயே கண்காணிக்கலாம், சுரங்கத்தை அவ்வப்போது சுத்தம் செய்தால் குறைக்கலாம் என்பது அவர்கள் யோசனை.

எடை பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லவேண்டும். இரும்பு ஆக்சைடின் அடர்த்தி, சாலைப் புகைத் துகளின் அடர்த்தியைப்போல் மூன்று மடங்கு வரை இருக்கலாம். அதாவது கீழே 60 மைக்ரோகிராம், மேலே 60 மைக்ரோகிராம் என்றால், அளவு ஒத்த துகள்களாகவே இருந்தாலும் எண்ணிக்கை ஒன்றல்ல, வேதியியலும் ஒன்றல்ல. இணையத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு சுரங்க நிலையத்தில் அளந்து படம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். அந்தக் கருவி தூசை எடை போடுவதில்லை. ஒளியைப் பாய்ச்சி, துகளில் பட்டுச் சிதறுவதைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. அந்த ஊகம் சாதாரண வெளித்தூசை வைத்துப் பழக்கப்பட்டது. இரும்புத் தூசில் அது தடுமாறும். காலையும் மாலையும், பெட்டியும் பிளாட்பாரமும் என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். எண்ணை அப்படியே நம்பிச் சண்டைக்குப் போக உதவாது.

எந்த அளவுகோல்?

இந்தப் பகுதி எனக்கே கொஞ்சம் எரிச்சலூட்டுவது. சுரங்க ரயில் தூசு பற்றிக் கேள்வி வரும்போது பல நாடுகளில் வரும் பதில், "அனுமதித்த வரம்புக்குள்தான் இருக்கிறது." எந்த வரம்பு? பிரிட்டனில் வேலையிடங்களுக்கான வரம்பில், நுரையீரலுக்குள் போகக்கூடிய தூசு ஒரு கனமீட்டருக்கு 4 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதாவது 4,000 மைக்ரோகிராம். எட்டு மணி நேரம் வேலை செய்யும் ஆரோக்கியமான தொழிலாளியை மனதில் வைத்துப் போட்டது. அதன் பக்கத்தில் வைத்தால் 400 கூடச் சின்ன எண். உலக சுகாதார நிறுவனத்தின் 15க்குப் பக்கத்தில் வைத்தால் அதே 400 பயங்கரம். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு அளவுகோலை எடுத்துக்கொள்கிறார்கள். 15 என்பது முழு நாள் சராசரிக்கானது; இருபது நிமிடப் பயணத்தை அதோடு நேராக ஒப்பிடுவதும் தவறு. தென்கொரியா சுரங்க நிலையங்கள் உள்ளிட்ட பொது உள்ளிடங்களுக்கு பி.எம். 2.5க்கு 50 என்று தனி வரம்பு வைத்திருக்கிறது. அதுதான் விவேகமான வழி என்பேன்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். இந்தக் கணக்கில் வரும் செறிவுகள் அளந்து எடுத்தவை அல்ல. வழி புரிய வேண்டும் என்று நானாக வைத்தவை. திருமங்கலத்திலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் 20 நிமிடம் உட்கார்ந்து போகிறீர்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் 160 லிட்டர், அதாவது 0.16 கனமீட்டர் காற்று. பெட்டிக்குள் செறிவு 100 என்று வைத்தால் உள்ளே போவது 16 மைக்ரோகிராம். அதே தூரத்தைப் பைக்கில் 45 நிமிடம், நிமிடத்துக்கு 10 லிட்டர், சாலையில் செறிவு 60 என்று வைத்தால், 27 மைக்ரோகிராம். செறிவு கீழேதான் அதிகம், உள்ளே போனது மேலேதான் அதிகம். அப்புறம் மீதி நாள் இருக்கிறது. ஒரு நாளைக்கு 12 கனமீட்டர் காற்றும் சராசரி 30 செறிவும் என்றால் 360 மைக்ரோகிராம். அதில் இந்த 16 சிறு பங்கு. வீட்டுச் சமையலறைப் புகை, கொசுவர்த்தி, ஊதுபத்தி எல்லாம் அந்த 360ல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பெட்டிக்குள் 100 என்பதற்குப் பதில் 350 என்று போட்டால் விடை தலைகீழாகிவிடும்: 56 மைக்ரோகிராம். அதனால்தான் பெட்டிக்குள் என்ன செறிவு என்பது இந்த விஷயத்திலேயே முக்கியமான எண். நிலையங்களில் அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் என்று காட்டும் பலகைகள் இருக்கின்றன. பக்கத்தில் பி.எம். 2.5 எவ்வளவு என்றும் ஒரு வரி காட்டலாம், பெட்டிக்குள்ளும் சேர்த்து.

கூட்ட நேரத்தில் பெட்டிக்குள் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும் உணர்வுக்குத் தூசு காரணம் அல்ல. அது பெரும்பாலும் வெப்பமும் ஈரப்பதமும், நாம் எல்லாரும் சேர்ந்து வெளியே விடும் கரியமில வாயுவும்தான். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நிரம்பி வழியும் பெட்டியில் அதன் சில மடங்கு ஏறும். அந்த அளவு நமக்கு நஞ்சு அல்ல, ஆனால் புதுக்காற்று போதவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். சளி, காய்ச்சல் பரவுவதற்கும் அதே சூழல்தான் வசதி.

பயணிக்கு என்ன, பணியாளருக்கு என்ன

பயணியாக இருந்தால், பைக்கையோ ஆட்டோவையோ விட்டுவிட்டு மெட்ரோவில் போவதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். புதிய ரயில், மூடிய ஏ.சி. பெட்டி, கண்ணாடிக் கதவு, மோட்டாராலேயே வேகம் குறைப்பது எல்லாம் சென்னையை லண்டனின் ஆழப் பாதைகளிலிருந்து தள்ளியே நிறுத்துகின்றன. டீசல் புகையின் கரியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் கீழே குறைவு. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொள்வது எங்கே போனாலும் நல்லது. மிகவும் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்95 முகக்கவசம் போடலாம். துணி முகக்கவசம் இந்த நுண்துகளுக்குப் பெரிதாகப் பயன்படாது. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கண்ணாடிக் கதவு இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்காமல் ஓரடி தள்ளி நிற்கலாம். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இப்போதைக்குச் சென்னையில் மெட்ரோவால் வரும் தூசில் சாமானியர் அதிகம் அனுபவிப்பது ரயிலுக்குள் அல்ல, வேலை நடக்கும் சாலையில். இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். மாதவரம் – சிப்காட், கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி, மாதவரம் – சோழிங்கநல்லூர் என்று மூன்று வழித்தடம். ஆற்காடு சாலையிலும் மயிலாப்பூரிலும் தகரத் தடுப்புக்கு வெளியே பறக்கும் மண்ணை அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். லாரியைத் தார்ப்பாயால் மூடுவது, சக்கரத்தைக் கழுவி வெளியே அனுப்புவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் சலிப்பூட்டும் வேலைகள்தான். ஆனால் பலன் உடனே தெரியும். சுரங்கம் குடையும் தொழிலாளிக்கோ ஆபத்து வேறு வகை. சென்னைக்கு அடியில் பல இடங்களில் கெட்டியான சார்னோக்கைட் பாறை. பரங்கிமலையே அந்தப் பாறைதான். குவார்ட்ஸ் கலந்த பாறையையும் கான்கிரீட்டையும் வெட்டும்போது வரும் சிலிக்கா தூசு, ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் சிலிக்கோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும். இதில் இரு பக்க ஆய்வு என்று எதுவும் இல்லை. நூறாண்டாகத் தெரிந்த விஷயம்.

ஓடும் மெட்ரோவிலும் கணக்கு இப்படித்தான் வருகிறது. பயணிக்கு நாளைக்கு அரை மணி, ஒரு மணி. நிலையப் பணியாளருக்கு முழு ஷிப்ட், ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இரண்டாம் கட்ட ரயில்கள் ஓட்டுநர் இல்லாதவை என்பதால் ஓட்டுநர் அந்தப் பட்டியலிலிருந்து விலகுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமே வேலை செய்கிறவர்கள், ரயில் நின்ற பிறகு இரவு பதினொரு மணி தாண்டிச் சுரங்கத்தில் இறங்கும் பராமரிப்பு ஆட்கள். தண்டவாளத்தைத் தேய்த்துச் சமப்படுத்தும்போது இரும்புத் தூசு நேராக முகத்துக்கு வரும். வேலை வண்டி டீசலில் ஓடினால் அந்தப் புகையும் சேரும். உடல் உழைப்பு என்பதால் மூச்சும் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர். செறிவு, நேரம், மூச்சு மூன்றும் ஒரே ஆளிடம் உச்சத்தில் சேர்வது அங்கேதான். அவர்களுக்கு வேண்டியது முகத்தில் பொருந்தும் சுவாசக் கவசம், வேலை நடக்கும்போது முழு வேகத்தில் ஓடும் மின்விசிறி, துடைப்பத்துக்குப் பதில் தூசை உறிஞ்சும் வண்டி, ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் திறன் சோதனை. சுரங்கத்தை இரவில் உறிஞ்சிச் சுத்தம் செய்தால், காலை ஐந்து மணி ரயிலில் ஏறுபவருக்கும் அதே அளவு தூசு குறையும்.